ஓடுகிறவர்களும் ஓடாதவர்களும்: சிவாலய ஓட்டத்தில் கண்டது

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு மகா சிவராத்திரி என்றாலே, சாலயம் ஓட்டம் என்று நாங்கள் சொல்லும் சிவாலய ஓட்டம்தான். சிவராத்திரிக்கு முந்திய நாள் முஞ்சிறை திருமலை மகாதேவர் கோயிலில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களைத் தொழுவதற்காக 100 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவை வெறுங்காலோடு ஓடியும் நடந்தும் கடக்கிறார்கள். காவி வேட்டி கட்டி, பனையோலை விசிறி ஏந்தி, சிவனைக் காணப் போகிறவர்கள் வழியெல்லாம் எழுப்பும் குரல் “கோபாலா, கோவிந்தா” என்பதே. அதனாலேயே ஊரார் அவர்களைக் கோவிந்தன்மார் என்கிறார்கள். கோயிலுக்குக் கோயில் குளித்து, ஈரத் துணியோடு சன்னிதியில் நின்று, அந்த விசிறியால் சுவாமிக்கு வீசிவிட்டு அடுத்த கோயிலுக்குப் புறப்படுகிறார்கள்.

ஓடுகிறவர்களின் பக்தியை எல்லோரும் பேசுவார்கள். என் மனத்தில் ஆழப் பதிந்திருப்பதோ, வீட்டு வாசலை விட்டு நகராமலேயே அந்த ஓட்டத்தில் பங்குகொள்கிறவர்களின் பக்திதான். வழிநெடுக மோர், பானகம், சுக்கு நீர், கஞ்சியும் பயறும், அவித்த மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பார்கள். பொன்மனையைத் தாண்டிய ஒரு வீட்டுத் திண்ணையில், தேங்காய் எண்ணெயில் கர்ப்பூரம் போட்டுக் காய்ச்சி, ஓடிவந்து களைத்தவர்களின் கால்களில் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார் ஒரு முதிய அம்மை. அவருடைய பேரன் வயதே இருக்கக்கூடிய ஒரு பையன் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டு, “வேண்டாம் பாட்டி, நீங்க என் காலைத் தொடப்பிடாது” என்றான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நீட்டு மக்களே. இது உனக்கில்ல, மகாதேவருக்காக்கும்” என்று சொல்லி, வெடித்திருந்த குதிகாலில் எண்ணெயை விரலால் அழுத்தி வைத்தார். அந்த வீட்டிலிருந்து ஒருவரும் ஓடப் போகவில்லை என்று பிறகு அறிந்துகொண்டேன்.

இந்த ஓட்டத்திற்குச் சொல்லப்படும் கதையையும் நான் இதோடு சேர்த்தே நினைப்பேன். தருமரின் யாகத்திற்கு, பாதி மனித உருவும் பாதி மிருக உருவும் கொண்ட சிவபக்தனான புருஷாமிருகத்தை அழைத்துவரப் போன பீமன், கண்ணன் கொடுத்த 12 உருத்திராட்சங்களோடு, கோவிந்த நாமத்தைச் சொல்லி அதன் சிவபூசையைக் கலைக்கிறான். சினம் கொண்டு துரத்தும் அந்த மிருகம் நெருங்கும்போதெல்லாம் ஓர் உருத்திராட்சத்தைக் கீழே போட, அது சிவலிங்கமாகிறது. எட்டிப் பிடித்துவிடும் தூரத்தில் பீமன் இருந்தும், லிங்கத்தைக் கண்டவுடன் துரத்துவதை விட்டுவிட்டுப் பூசை செய்யாமல் மிருகம் நகர்வதில்லை. தன் கோபத்தைக்கூட வழிபாட்டுக்காக ஒத்திவைத்த அந்தப் பற்றுதான் இக்கதையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. கடைசியில் நட்டாலத்தில் பீமன் பிடிபடுகிறான். ஒரு கால் மிருகத்தின் எல்லைக்குள் இருந்ததால் பாதி உடல் அதற்கே உரியது என்று தருமர் சொந்தத் தம்பிக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்கிறார். அங்கே, சிவனும் திருமாலும் ஓருருவான சங்கரநாராயணருக்கும் கோயில் இருப்பது, கோவிந்தா என்று கூவிச் சிவனிடம் போய்ச் சேரும் இந்த மரபுக்கு எவ்வளவு பொருத்தம்!

இப்போது பைக்கிலும் வேனிலும் 12 கோயில்களைச் சுற்றுகிறவர்கள் மிகுதி. முதியவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் அப்படி வருவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓடிவருகிறவர் ஈரத் துணியோடு வரிசையின் கடைசியில் நிற்க, வண்டியில் வந்தவர்கள் முந்தி நுழைவது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. திருவிதாங்கோட்டில் ஒருமுறை, வண்டிகளில் வந்த இளைஞர்கள் சிலர் தாமாகவே ஒதுங்கி நின்று, கோவிந்தன்மார் அனைவரையும் உள்ளே விட்ட பிறகே தொழப் போனார்கள். மற்றக் கோயில்களிலும் அப்படியே வழிவிடுங்கள் என்று, இந்த ஆண்டு வண்டியில் போக இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.