வெளிநாட்டுச் சம்பளமும் வீட்டுக் கணக்கும்: வடசென்னையிலிருந்து மூன்று அனுபவங்கள்

காலடிப்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்

என் கணவர் திருவொற்றியூருக்கு அருகே ஒரு கன்டெய்னர் யார்டில் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறார். பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவது மாதம் 46,000 ரூபாய். சென்ற ஆண்டு, அவருடன் முன்பு பணியாற்றிய நண்பர் ஒருவர் மூலமாக, துபாய் ஜெபல் அலியில் இருக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து 5,500 திர்ஹாம் சம்பளத்தில் ஆஃபர் லெட்டர் வந்தது. ஒரு திர்ஹாமுக்கு ஏறத்தாழ 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும். அதைக் கேட்ட எங்கள் உறவினர்களில் ஒருவர்கூட, போகலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை. எப்போது கிளம்புகிறார் என்றுதான் கேட்டார்கள். வீட்டு வரவு செலவை எழுதி வைப்பவள் நான் என்பதால், ஒப்புக்கொள்வதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். அந்தக் கணக்கை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

கடிதத்தில் நான் முதலில் பார்த்தது மொத்தத் தொகை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான். அடிப்படைச் சம்பளம் 2,800, வீட்டு வாடகைப் படி 1,900, போக்குவரத்துப் படி 800. இந்தப் பிரிவினை முக்கியம், ஏனென்றால் அமீரகச் சட்டப்படி பணி முடிவில் கிடைக்கும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும் அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் சம்பளமும் தருவார்கள், ஓராண்டு முடிக்காதவருக்கு ஒன்றும் இல்லை. அங்கே வருமான வரி இல்லை என்பதைப் பெரிதாகச் சொன்னார்கள். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை ஆண்டு வருமானத்துக்கு இங்கேயும் வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், எங்கள் அளவிலான சம்பளக்காரர்களுக்கு அது ஒரு லாபமே அல்ல.

குடும்பத்தோடு போவதை ஒரே மாலையில் தள்ளிவிட்டோம். மனைவி மக்களை அழைத்துக்கொள்ள 4,000 திர்ஹாம் சம்பளம் இருந்தால் போதும் என்பதால் விசா கிடைத்துவிடும். ஆனால் ஓர் ஆண்டு வாடகையைச் சில தவணைகளாகப் பிரித்து முன்தேதியிட்ட காசோலைகளாகக் கொடுக்க வேண்டும், வைப்புத்தொகை தனி, தரகர் கமிஷன் தனி, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் தனி என்று நண்பர் சொல்லச் சொல்ல, 5,500 காணாமல் போய்விட்டது.

எனவே அவர் மட்டும் போவதாகக் கணக்கு. பெட் ஸ்பேஸுக்கு (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் இடம்) 1,000, சாப்பாட்டுக்கு 700, போக்குவரத்துக்கு 350, போனுக்கு 150, மற்றவற்றுக்கு 300 என்று நண்பர் தம் செலவைச் சொன்னார். மீதி 3,000 திர்ஹாம், அதாவது 69,000 ரூபாய் வீட்டுக்கு வரும். இப்போது அவருடைய பெட்ரோல், வெளிச்சாப்பாடு, போன் செலவு போக வீட்டுக்கு வருவது 40,000. ஆக, மாதம் 29,000 ரூபாய் கூடுதல். பெரும்பாலான வீடுகளில் கணக்கு இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

என் கணவருக்குப் பிற்பகலில் தொடங்கி இரவு பத்து மணி வரை ஷிப்ட். காலை முழுவதும் வீட்டில்தான் இருப்பார். என் மாமனாருக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பழைய துணியைத் தரையில் விரித்து, சலைன் ஊற்றிக் கழுவி, ஓரத்தில் செத்த தோலை இடுக்கியால் எடுத்து, புதிய காஸ் வைத்துக் கட்டுவது அவர்தான். ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது அங்கிருந்த செவிலியர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தது அது. நான் செய்கிறேன் என்று பலமுறை சொல்லியும், "மருமக கால்ல கை வைக்கக் கூடாதும்மா" என்று மாமனார் காலை இழுத்துக்கொள்வார். அந்தப் பிடிவாதத்துக்கும் நான் விலை போட வேண்டியிருந்தது. கட்டு மாற்ற வீட்டுக்கு வரும் ஆளுக்கு ஒரு முறைக்கு 200 ரூபாய், மாதம் 3,000.

அடுத்தது என் வேலை. ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் 9,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். இன்சுலின் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாத நாட்களில் சர்க்கரை இறங்கி மாமனாருக்கு மயக்கம் வருவதுண்டு என்பதால், காலையில் அவரைத் தனியாக விட முடியாது. கணவர் போனால் நான் வேலையை விட வேண்டும். பெரியவனுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் கணவர்தான். அதற்கு டியூஷன் 2,500. தற்போதைய நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் மாமனாரின் பெயரும் இருக்கிறது, அதில் பழைய நோய் புதிய நோய் என்ற பேச்சே இல்லை. அது போய்விட்டால் தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும். அவர் வயதுக்கும் நோய்க்கும் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறைந்து ஆகாது என்றார்கள், அதிலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. இவற்றோடு, நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு 1,800, நிறுவனம் டிக்கெட் தராத ஆண்டையும் சேர்த்து ஊர் வந்து போகும் செலவு மாதத்துக்குச் சராசரியாக 2,500.

எல்லாம் கூட்டினால் 21,800. மிச்சம் 7,200. இரண்டு நாட்டுக் கிராஜுவிட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. வந்த கூடுதலில் பெரும்பகுதி, அவர் வீட்டில் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகளுக்கே போய்விடுகிறது என்பதைக் காகிதத்தில் பார்த்தபோது அவரே சிறிது நேரம் பேசவில்லை.

இன்னொன்றும் இருந்தது. இங்கே அவருக்கு ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியச் சில மாதங்கள் பாக்கி இருந்தன. அதற்கு முன் ராஜினாமா செய்தால் அதுவரையிலான கிராஜுவிட்டியும் போய்விடும். சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா, தங்குமிடத்தை நிறுவனமே தருமா என்று இரண்டு கேள்விகளை எழுதிக் கேட்டார். இரண்டுக்கும் முடியாது என்று பதில் வந்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டார். மாதம் பத்தாயிரம் என்பது எங்களுக்குச் சிறிய தொகை அல்ல. மாமனாரின் கால் நன்றாக இருந்திருந்தால் நானே பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேன்.

மணலியிலிருந்து ஓர் உறுப்பினர்

சகோதரியின் கணக்கில் நான் குறை காண மாட்டேன். ஆனால் அது கடன் இல்லாத வீட்டின் கணக்கு. வட்டிக்கடன் இருக்கும் வீட்டில் அதே கணக்கு தலைகீழாக மாறும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

1998-இல் நான் மணலியில் ஒப்பந்தக்காரர்களிடம் பைப் ஃபிட்டராக இருந்தேன். மாதம் 4,000 ரூபாய் வந்தால் அதிகம். தங்கையின் திருமணத்துக்காக ஒன்றரை லட்சம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தேன். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் வட்டி மட்டுமே 4,500, அதாவது என் சம்பளத்தைவிட அதிகம். சவூதியின் ஜுபைலில் 1,500 ரியால் சம்பளத்தில், உணவும் தங்குமிடமும் நிறுவனமே தரும் இரண்டாண்டு ஒப்பந்தம் கிடைத்தது. அன்று ஒரு ரியாலுக்குப் பதினொரு ரூபாய் அளவில் கிடைத்தது. மாதம் 14,000 ரூபாய் அனுப்புவேன். என் மனைவி 4,500 ரூபாயில் குடும்பத்தை நடத்திவிட்டு, மீதி 9,500 ரூபாயைக் கடன் கொடுத்தவரிடம் கட்டி, ஒவ்வொரு முறையும் நோட்டில் கையெழுத்து வாங்கி வைப்பார். ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே கடன் அடைந்தது. வட்டி கட்டுகிற வீட்டுக்கு, மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்பதைவிட, அசல் எத்தனை சீக்கிரம் கரையும் என்பதுதான் கேள்வி. நான் மணலியிலேயே இருந்திருந்தால் அந்த அசல் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

கடன் தீர்ந்ததும் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொன்னார்கள். அப்போது நானும் மனைவியும் போட்டது ஏறக்குறைய சகோதரி போட்ட கணக்குதான். ஊரிலேயே தொழிற்சாலைகளில் ஷட்டவுன் வேலைகளுக்கு, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு வேலைகளுக்கு, ஃபிட்டர்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம் என்பதால் திரும்பிவிட்டேன்.

இன்று போக நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு விவரம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே. எங்கள் தெருப் பையனிடம் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்டார். நகையை அடகு வைத்துக் கட்டத் தயாராக இருந்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த ஏஜென்ட்டின் பதிவு எண்ணைத் தேடிப் பார்க்கச் சொன்னேன், அப்படி ஓர் எண்ணே இல்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போவதற்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு எடுக்கப்படும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு இரண்டாண்டுக்கு 275 ரூபாய்தான், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கிடைக்கும். டூரிஸ்ட் விசாவில் ஏற்றி அனுப்புகிறவர்கள் இந்த இரண்டையும் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஓர் உறுப்பினர்

நான் செவிலியர். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமாகச் சவூதியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். அப்போது எனக்குத் திருமணம் ஆகவில்லை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், தம்பி கல்லூரியில் இருந்தான். மேலே இருவரும் எழுதியது கிளம்புவதற்கு முன் போட வேண்டிய கணக்கு. கிளம்பிய பின் வீட்டுச் செலவு என்ன ஆகும் என்பதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது.

தனியார் மருத்துவமனையில் 18,000 ரூபாய்க்கு நான் வேலை பார்த்த காலத்தில், அப்பாவின் வருமானத்தோடு சேர்த்து, ஓர் அளவோடு எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது. நான் வெளிநாடு போகிறேன் என்று தெரிந்த வாரத்திலேயே அந்த அளவு மாறத் தொடங்கியது. வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினார். தெருவில் சீட்டு நடத்தும் அக்கா, ஐம்பதாயிரம் சீட்டில் இருந்த அம்மாவை இரண்டு லட்சம் சீட்டில் சேரச் சொன்னார். அதுவரை திருமணங்களுக்கு ஐந்நூறு ரூபாய் மொய் வைத்த வீடு, இனி ஐயாயிரம் வைக்க வேண்டும் என்று பெரியப்பா வீட்டில் பேசிக்கொண்டார்கள். இவற்றில் எதுவும் கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. சவூதியில் இருக்கும் மகள் என்றால் வீட்டின் தகுதி உயர்ந்துவிட்டதாக எல்லாரும் உண்மையாகவே நம்பினார்கள், அம்மா உட்பட.

விமானம் ஏறுவதற்கு முன்பே அம்மாவிடமும் அப்பாவிடமும் உட்கார்ந்து பேசி, வீட்டுக்கு மாதம் 35,000 ரூபாய் என்று முடிவு செய்தேன். தம்பியின் கட்டணத்தை நேராகக் கல்லூரிக் கணக்குக்குச் செலுத்தினேன். மீதியை என் பெயரிலுள்ள என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) வைப்புக் கணக்கில் போட்டேன். வெளிநாட்டில் வசிக்கும் வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று உறவினர் யாரிடமும் சொல்லவில்லை. "இவ்வளவு சம்பாதிச்சும் கணக்குப் பார்க்குறியே" என்று அத்தை ஒருமுறை போனில் வருத்தப்பட்டார். கேட்டுக்கொண்டேன், தொகையை மாற்றவில்லை.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று வைத்திருந்தேன்: மருத்துவச் செலவு. அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை வந்தபோது எந்தக் கேள்வியும் கேட்காமல் அனுப்பினேன். இப்போது தம்பி வேலைக்குப் போகிறான், எனக்கும் திருமணப் பேச்சு நடக்கிறது. அந்த 35,000-ஐ 20,000 ஆகக் குறைத்து, மீதியைத் தம்பி கொடுக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவன் ஒப்புக்கொண்டுவிட்டான்; அம்மாதான் அந்த இரண்டு லட்சம் சீட்டு முடியும் வரை பொறுத்துக்கொள் என்கிறார். அதில் எனக்குத் தெரியாமலே அவர் சேர்ந்திருக்கிறார்.