சின்ன டெஸ்க்டாப்: உள்ளே இருக்கும் டிஸ்க் வேகமா, வெளியே செருகுவது வேகமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது மானிட்டர் ஸ்டாண்டுக்குக் கீழேயே அடங்கிவிடும் சின்ன டெஸ்க்டாப். உள்ளே 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க், 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று). ஓடுவது லினக்ஸ். ஆன் செய்து டெஸ்க்டாப் வந்து நிற்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வந்த பிறகும் பிரவுசர் திறக்கும்வரை டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது.

பெட்டியைத் திறக்கப் பயமாக இருக்கிறது. மதர்போர்டையே வெளியே எடுத்தால்தான் டிஸ்க் கைக்கு வரும். அதனால் யூஎஸ்பியில் ஒரு டிஸ்க்கைச் செருகி அதிலிருந்தே பூட் செய்யலாமா என்று யோசித்து, வீட்டில் இருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு அளந்தேன். பெரிய ஃபைலைப் படிக்கும்போது உள்ளே இருப்பது விநாடிக்கு 96 எம்பி, வெளியே இருப்பது 36 எம்பி. ஆனால் டிஸ்க்கின் மேலேயே யூஎஸ்பி 3.0 என்று போட்டிருக்கிறது. வெளியே வைத்தாலே வேகம் குறைந்துவிடுமா?

பதில் 1

அந்த 36-தான் துப்பு. யூஎஸ்பி 2.0-வின் உச்ச வேகம் கணக்குப்படி 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. கையில் கிடைப்பது 30 முதல் 40 வரைதான். உங்கள் டிஸ்க் 2.0 வேகத்தில் ஓடுகிறது.

கேபிளில் டிஸ்க்கோடு சேரும் முனையைப் பாருங்கள். 3.0 கேபிள் என்றால் அது அகலமாக, இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதுபோல் நடுவில் ஒரு வெட்டோடு இருக்கும். பழைய ஃபோன் சார்ஜர் கேபிளும் அந்தத் துளையின் பெரிய பாதியில் கச்சிதமாகப் பொருந்திவிடும். டிஸ்க்கும் வேலை செய்யும். ஆனால் 3.0-க்கு வேண்டிய கூடுதல் கம்பிகள் அதில் கிடையாது. கணினியின் போர்ட்டையும் பாருங்கள். உட்புறம் நீலமாக இருந்தால் பெரும்பாலும் 3.0.

கேட்டவர்

கேபிள்தான்! சார்ஜர் கேபிளைத்தான் செருகியிருந்தேன். சரியான கேபிளைத் தேடி எடுத்துப் போட்டதும் 112 எம்பி வந்தது, உள்ளே இருப்பதைவிட அதிகம். உடனே அதிலேயே லினக்ஸை நிறுவி, கடிகாரம் வைத்துப் பூட் செய்து பார்த்தேன். உள்ளே இருப்பதில் 2 நிமிடம் 14 விநாடி. வெளியே இருப்பதில் 2 நிமிடம் 9 விநாடி. வெறும் ஐந்து விநாடிதானே மிச்சம்? ஏன் இப்படி?

பதில் 2

நீங்கள் அளந்தது ஒரே பெரிய ஃபைலை. பூட் ஆகும்போது நடப்பது வேறு: டிஸ்க்கில் அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைப் படிக்க வேண்டும். 5400 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லிவிநாடி. வேண்டிய இடம், தட்டைப் படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை. ஹெட் நகர்ந்து நிற்க அதற்கு மேல் ஒரு பத்து. ஆக ஒரு இடத்துக்குப் போய்ச் சேரவே 15 மில்லிவிநாடிக்கு மேல். விநாடிக்கு அறுபது, எழுபது இடங்களைத்தான் தொட முடியும். ஒவ்வொரு இடத்திலும் 4 கேபி என்று வையுங்கள், 300 கேபிகூடத் தேறாது. உங்கள் 96-ம் 112-ம் இந்த வேலையில் எட்டிப்பார்க்கவே வாய்ப்பில்லை. இரண்டுமே சுழலும் டிஸ்க் என்பதால் இரண்டும் ஒரே மாதிரி திணறுகின்றன.

எஸ்எஸ்டி என்பது தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அதில் சுழல எதுவும் இல்லை, ஒரு இடத்தைத் தொட 0.1 மில்லிவிநாடி அளவுதான். சாட்டா (கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் முறை) எஸ்எஸ்டியை உள்ளே போட்டால் 550 எம்பி வரை கிடைக்கும், யூஎஸ்பி 3.0 பெட்டியில் போட்டு வெளியே வைத்தால் 400-க்குக் கொஞ்சம் மேலே. இந்த வித்தியாசம் பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது தெரியும், பூட் நேரத்தில் அவ்வளவாகத் தெரியாது. வாங்கும் பெட்டியில் யூஏஎஸ்பி வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்தது போகும், யூஏஎஸ்பியில் பல கட்டளைகள் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கலாம்.

பதில் 3

நான் என்றால் கணினியைத் திறந்து எஸ்எஸ்டியை உள்ளேயே போடுவேன். பூட் டிஸ்க் வெளியே தொங்கினால், மேஜையைத் துடைக்கும்போது கேபிள் கழன்றாலே மொத்த சிஸ்டமும் அப்படியே உறைந்துவிடும், எழுதிக்கொண்டிருந்ததும் போய்விடலாம். சில யூஎஸ்பி பெட்டிகள் ட்ரிம் கட்டளையை (எந்த இடங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று டிஸ்க்குக்குச் சொல்வது) எஸ்எஸ்டிக்குக் கடத்துவதும் இல்லை. அப்புறம், இதைப் படிக்கும் விண்டோஸ்காரர்களுக்கு: அதன் வழக்கமான நிறுவல் முறை யூஎஸ்பி டிஸ்க்கில் நிறுவ மறுத்துவிடும்.

கேட்டவர்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். திறக்கத் துணிவு வரவில்லை, எஸ்எஸ்டியை யூஏஎஸ்பி பெட்டியில் போட்டு வெளியேதான் வைத்திருக்கிறேன். படிக்கும் வேகம் 410 எம்பி. பூட் 31 விநாடி! பிரவுசர் சொடுக்கியதும் திறக்கிறது. கேபிள் கழலாமல் இருக்க எஸ்எஸ்டி பெட்டியைக் கணினியின் பின்புறமே ஒட்டிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு ஓடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில் 1

உண்டு. யூஎஸ்பி 3.0 ஓடும்போது வரும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை பரவும், மவுஸ் பேசுவதும் அங்கேதான். இன்டெல் 2012-இலேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மவுஸ் ரிசீவரைப் பின்புறத்திலிருந்து எடுத்து, நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கேட்டவர்

ரிசீவரை விசைப்பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன், சரியாகிவிட்டது. மிக்க நன்றி. பழைய உள் டிஸ்க்கை இனி பேக்கப்புக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.