'சப்செட்' என்பதற்கு 'எழுத்துருக் கீற்று': ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வலைப்பக்கங்களுக்கு எழுத்துரு வழங்கும் சேவைகளில், முழு எழுத்துருவிலிருந்து தேவையானதை மட்டும் பிரித்தெடுத்த பகுதியை 'சப்செட்' என்பர். அதை 'உட்கணம்' என்று வழங்கலாம் என்ற கருத்துக்கு இங்கே பலரும் இசைந்தீர்கள். பள்ளிக் கணிதத்தில் பழகிய சொல் என்பதால் நானும் உடன்பட்டிருந்தேன். குமரி மாவட்டத் தக்கலையில் மாணவர்கள் சிலருக்கு, இணைய முகவரியிலிருந்து கோப்புகளைப் பெறும் கர்ல் என்னும் கட்டளை வரிக் கருவியைக் கற்பித்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

கூகுள் ஃபான்ட்ஸ் சேவையில் மீரா இனிமை எழுத்துருவைக் கேட்கும் முகவரியோடு எந்த எழுத்துகள் வேண்டும் என்று குறிக்கும் 'டெக்ஸ்ட்' என்னும் அளபுருவைச் சேர்த்து, அதில் 'குமரி' என்ற சொல்லைக் கொடுத்தோம். விடையாகக் கிடைத்த சிஎஸ்எஸ் (வலைப்பக்கத் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) வரிகளில் இருந்த எழுத்துருக் கோப்பின் முகவரியை மறுபடியும் கர்லிடம் கொடுத்ததும், அந்த ஒரு சொல்லை எழுதத் தேவையானவை மட்டும் அடங்கிய சிறு கோப்பு வந்து சேர்ந்தது. (புதிய உலாவி ஒன்றின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பினால்தான் வலைக்கென்று சுருக்கப்பட்ட வாஃப்2 கோப்பு வடிவம் வரும், இல்லையேல் பழைய ட்ரூடைப் வடிவம் வரும். பயிற்சி நடத்துவோர் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.)

'குமரி' என்பது நமக்கு 3 எழுத்துகள். எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் (குறியெண்) தரும் யூனிகோடில் க, உகரக் குறி, ம, ர, இகரக் குறி என 5 குறியெண்கள். ஆனால் 'கு' என்று திரையில் தெரியும் அந்த வடிவத்துக்குத் தனிக் குறியெண் கிடையாது. ககரத்தை அடுத்து உகரக் குறி வந்தால் இன்ன வடிவத்தை இடுக என்ற விதி எழுத்துருவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. குறியெண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அந்த வடிவத்தையும் விதியையும் விட்டுவிட்டால், ககரமும் உகரக் குறியும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். 'உட்கணம்' என்றதும் மாணவர்கள் 5 உறுப்புகளை எண்ணிக் காட்டி அங்கேயே நின்றுவிட்டார்கள். கூடவே வர வேண்டியவற்றை அந்தச் சொல் அவர்களுக்கு நினைவூட்டவில்லை.

ஆகவே 'எழுத்துருக் கீற்று' என்பதை முன்வைக்கிறேன். தேங்காயைக் கீறி எடுக்கும்போது பருப்போடு அதன் தோலும் சேர்ந்தே வருகிறது. முழுத் தேங்காய் இல்லாமலே அந்தக் கீற்று கறிக்கு உதவுகிறது. வெட்டி எடுக்கப்பட்டது, தனியாகப் பயன்படுவது, தனக்கு வேண்டியதை உடன் கொண்டிருப்பது ஆகிய மூன்றும் இச்சொல்லில் அடங்குகின்றன. கூரை வேயும் கீற்று நினைவுக்கு வருமே என்று வடமாவட்ட நண்பர்கள் தயங்கலாம். எங்கள் பக்கம் அதை ஓலை என்றே சொல்லிப் பழகியதால் அந்தக் குழப்பம் எனக்குத் தோன்றவில்லை. 'எழுத்துரு' என்னும் அடை முன்னால் நிற்கும்போது பிறருக்கும் அது பெரிய இடையூறாக இராது என்று நம்புகிறேன்.

இப்படிப் பிரித்தெடுக்கும் வினைக்கு 'கீறுதல்' பொருந்தாது. 'எழுத்துருக் கீறல்' என்றால் சிதைவு என்ற பொருள் வந்துவிடும். 'கீற்றெடுத்தல்' என்று கொள்ளலாம். கருவியின் திரைச்செய்தி 'தமிழ்க் கீற்று தரவிறக்கப்பட்டது' என்று அமையும். இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் உங்களில் எவருக்கேனும் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.