ஐடிஇஏ திட்டத்துக்கு லேபிள் கிடைத்துவிட்டது என்கிறார்கள்: பணம் எங்கிருந்து, யாருக்கு?

கொழிஞ்சாம்பாறைக்காரன் கேட்டது:

வணக்கம்ங்க. ஒன்பது பேர் வேலை செய்யும் மென்பொருள் கம்பெனி. கஞ்சிக்கோட்டு உருக்கு ஆலைகளில் மோட்டார், கியர்பாக்ஸ் அதிர்வை அளந்து, எந்த பேரிங் எப்போது போகும் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் செய்கிறோம். ஃபின்லாந்துக் கம்பெனி ஒன்று ஐடிஇஏ என்ற ஐரோப்பிய மென்பொருள் கூட்டு ஆராய்ச்சித் திட்டத்தில் சேரச் சொல்கிறது. நான்கு நாடுகள், 36 மாதம், எங்கள் பங்கு 3 ஆள்-ஆண்டு. "லேபிள் வந்தாச்சு, சீக்கிரம் பதில் சொல்லுங்க" என்கிறார்கள்.

லேபிள் வந்தால் பணம் வந்த மாதிரியா? இந்தியக் கம்பெனிக்கு அதில் பங்கு உண்டா? திட்டம் உண்மையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இப்படிப்பட்ட திட்டத்தின் காகித வேலை பழகியவர்கள் சொல்லுங்க.

எல்லைக்கோடு:

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: லேபிள் பணம் இல்லீங்க. அது தர முத்திரை, அவ்வளவுதான்.

ஐடிஇஏ என்பது யுரேகா என்ற அரசுகளுக்கு இடையிலான அமைப்பின் கீழ் மென்பொருளுக்கென்று இயங்கும் கிளஸ்டர், அதாவது துறைவாரிக் கூட்டமைப்பு. யுரேகா 1985 ஜூலையில் பாரிஸில் தொடங்கியது. ஐடிஇஏ 1998-இல் வந்தது, இப்போது நான்காம் கட்டம் நடக்கிறது. பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஒன்றியம் ஒரே பெட்டியிலிருந்து பணம் தரும் ஹொரைசன் ஆராய்ச்சித் திட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. இதில் பொதுப் பெட்டியே கிடையாது. ஃபின்லாந்துக் கம்பெனிக்கு பிசினஸ் ஃபின்லாந்து, நெதர்லாந்துக் கம்பெனிக்கு ஆர்விஓ, ஸ்வீடனுக்கு வின்னோவா, துருக்கிக்கு டூபிடாக், ஸ்பெயினுக்கு சிடிடிஐ என்று அவரவர் நாட்டு நிறுவனம்தான் தரும். அவரவர் விதி, அவரவர் விகிதம், அவரவர் நாள்காட்டி.

வரிசை இப்படி: முதலில் சுருக்கமான திட்ட வரைவு. அதில் தேறினால் முழுத் திட்ட அறிக்கை. அதுவும் தேறினால் லேபிள். லேபிளுக்குப் பிறகுதான் ஒவ்வொரு பங்காளியும் தன் நாட்டு நிதி முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். திட்டங்கள் சிக்குவது இந்த இடைவெளியில்தான். ஒரு நாடு சீக்கிரமே சரி சொல்லும், இன்னொன்று மாதக்கணக்கில் இழுக்கும், மூன்றாவது அந்த ஆண்டு பணமே இல்லை என்று கைவிரிக்கும். நிதி கிடைக்காத நாட்டின் பங்காளிகள் விலகினால், அவர்கள் செய்யவேண்டிய வேலைப் பொதிகள் (திட்டத்தைப் பிரித்த பகுதிகள்) மற்றவர் தலையில் விழும். இல்லையென்றால் திட்டமே சுருங்கும்.

அதனால் ஃபின்லாந்துக்காரர்களிடம் "லேபிள் வந்ததா" என்று கேட்பதில் பயனில்லை. நாலு நாட்டில் எந்தெந்த நாட்டுக்கு எழுத்துப்பூர்வமாக நிதி உறுதியாகியிருக்கிறது, எது இன்னும் பாக்கி, பங்காளிகளுக்கு இடையிலான ஒப்பந்தம் கையெழுத்தானதா, உங்கள் பகுதி எந்த வேலைப் பொதியில் வருகிறது, அதற்குள் வரும் தரவை எந்த நாட்டுப் பங்காளி தருகிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். உங்களுக்குத் தரவு தரவேண்டிய நாட்டுக்கு நிதி வரவில்லை என்றால், உங்கள் நாட்டு நிலவரம் எப்படி இருந்தாலும் வேலை நிற்கும்.

திட்டம் ஓடத் தொடங்கியிருந்தால், ஆண்டுக்கு இரண்டு முறை முன்னேற்ற அறிக்கை போகும். கடைசி அறிக்கையில் உங்களைத் தொடும் பக்கங்களை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள். திட்டமிட்ட ஆள்-ஆண்டும் செலவான ஆள்-ஆண்டும் எட்ட நின்றால், காரணம் பெரும்பாலும் நிதி தாமதம்தான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

நன்றிங்க. அப்போ இந்தியாவுக்கு வழியே இல்லையா?

எல்லைக்கோடு:

யுரேகாவில் தென் கொரியா, கனடா கூட இருக்கின்றன, இந்தியா இல்லை. ஆகவே உங்களுக்கு நிதி தரும் நாட்டு நிறுவனம் என்று ஒன்று இந்த ஏற்பாட்டில் கிடையாது. சொந்தப் பணத்தில் பங்காளியாகச் சேரலாம், அல்லது ஐரோப்பியப் பங்காளி ஒருவரின் துணை ஒப்பந்தக்காரராக வேலை செய்யலாம்.

3 ஆள்-ஆண்டு என்றால் மூன்று ஆண்டுக்கு ஒரு முழு ஆள். ஒன்பது பேரில் ஒருவரை ஒரு ரூபாய் வரவில்லாமல் ஒதுக்குவது லேசான விஷயம் இல்லை. பங்காளியாகச் சேர்ந்தால் முடிவுகள்மீது அணுகல் உரிமை கிடைக்கும், பெயர் பட்டியலில் வரும். அதற்கான விலை அந்த ஒரு ஆளின் மூன்றாண்டுச் சம்பளமும் கூட்டங்களுக்குப் போய்வரும் செலவும்.

துணை ஒப்பந்தத்தில் பணம் வரும். ஆனால் ஒரு கண்ணி உண்டு: அயல்நாட்டுத் துணை ஒப்பந்தம் எவ்வளவு போகலாம் என்று அந்த நாட்டு நிதி நிறுவனம் கட்டுப்பாடு வைத்திருக்கும், அதை விண்ணப்பத்திலேயே பெயரோடும் காரணத்தோடும் காட்டச் சொல்லும். லேபிள் வந்த பிறகு உங்களைச் சேர்க்கிறார்கள் என்றால் மாற்ற விண்ணப்பம் போக வேண்டியிருக்கலாம். "உங்கள் நாட்டு நிதி நிறுவனம் எங்களைத் துணை ஒப்பந்தக்காரராக ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். அது இல்லாமல் தொடங்கி, பின்னால் அந்தச் செலவை நிதி நிறுவனம் ஏற்கவில்லை என்றால், உங்கள் பில் நடுவழியில் நிற்கும்.

கையெழுத்துக்கு முன் உங்களிடம் ஏற்கெனவே உள்ள நிரல், அல்காரிதம், கஞ்சிக்கோட்டில் சேகரித்த தரவு எல்லாவற்றையும் "முன்னிருப்பு" என்று இணைப்பில் பட்டியலிடுங்கள். பதிப்பு எண், தேதி சகிதம். துணை ஒப்பந்தத்தில் புதிதாகச் செய்வது பொதுவாக அவர்கள் கைக்குப் போய்விடும். பழையது எது புதியது எது என்று கோடு போடாவிட்டால் பழையதும் சேர்ந்து போகும். ஆலைகள் தந்த தரவு உங்களுடையதுதானா என்பதையும் அந்த ஆலைகளோடு போட்ட ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள்.

கோபாலபுரம் கணக்கர்:

துணை ஒப்பந்தப் பணம் சேவை ஏற்றுமதி. ஜிஎஸ்டியில் பூஜ்ய விகிதம், ஆனால் தானாக ஆகாது. ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழி) போட்டிருக்க வேண்டும், அது ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிது. 36 மாதத் திட்டம் நான்கு நிதியாண்டுகளைத் தொடலாம், ஏப்ரலில் மறந்துவிட்டு முதல் பில் போடுகிறவர்கள் உண்டு. எல்யூடி இல்லாவிட்டால் ஐஜிஎஸ்டி கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும்.

நம் எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு குழப்பம்: பதிவு அலுவலகம் கொழிஞ்சாம்பாறையில் இருந்தால் உங்கள் ஜிஎஸ்டி எண் கேரளக் குறியீடான 32-இல் தொடங்கும். பொள்ளாச்சியிலோ கோவையிலோ இன்னொரு இடம் பதிவு செய்திருந்தால் அது தமிழ்நாட்டின் 33. ஒப்பந்தத்தில் எந்த முகவரி இருக்கிறதோ, பில்லும் எல்யூடியும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணோடு ஒத்துப் போக வேண்டும். ஒப்பந்தம் கேரளப் பதிவில், பில் தமிழ்நாட்டுப் பதிவில் என்றால் பணம் வரும்போது வங்கியே கேள்வி கேட்கும்.

பணம் வந்ததும் வங்கியிடம் அந்நிய வரவுச் சான்று வாங்குங்கள். பணம் எதற்கு வந்தது என்று வங்கிக்குக் காட்டும் நோக்கக் குறியீடு மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. இணையம் வழியாக அனுப்பும் மென்பொருளுக்கு சாஃப்டெக்ஸ் என்ற மென்பொருள் ஏற்றுமதிப் படிவம் தேவைப்படலாம், முதல் பில்லுக்கு முன்பே மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பான எஸ்டிபிஐயிடமும் வங்கியிடமும் பேசிவிடுங்கள். இடைநிலை வங்கிகள் கட்டணம் பிடித்தால் பில் தொகைக்கும் வரவுக்கும் வித்தியாசம் வரும். அனுப்புகிறவரே எல்லாக் கட்டணமும் ஏற்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும். சில நாடுகளில் தொழில்நுட்பக் கட்டணம் என்று வகைப்படுத்தி அங்கேயே வரி பிடிப்பார்கள், நீங்கள் இந்தியாவில் வரி கட்டுகிறவர் என்று காட்டும் வரி வதிவிடச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை. காகிதத்தில் எங்கேயும் "மானியம்", "நன்கொடை" என்ற சொல் வரக்கூடாது. வழக்கமான தொழிலில் செய்த சேவைக்கான கட்டணத்தை, வெளிநாட்டு நன்கொடைகளைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் அந்நியப் பங்களிப்பாகக் கொள்வதில்லை. மானியம் என்று எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு ஆட்டம் கண்டுவிடும்.

வேலந்தாவளம் 32:

நிதிப் பேச்சோடு நின்றுவிடாதீங்க, தொழில்நுட்பத்தையும் சொல்கிறேன். இந்தத் திட்டங்களின் உண்மையான மிச்சம், அவை விட்டுச் செல்லும் தரங்கள். எஃப்எம்ஐ என்ற இடைமுகத் தரம் (வெவ்வேறு சிமுலேஷன் கருவிகள் மாடல்களைப் பரிமாறிக்கொள்ள) மாடலிசார் என்ற ஐடிஇஏ திட்டத்தில், 2008 முதல் 2011 வரை நடந்ததில் பிறந்தது. முதல் பதிப்பு 2010, இரண்டாவது 2014, மூன்றாவது 2022. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம். டிஜிட்டல் இரட்டை (இயந்திரத்தின் கணினி நகல்) பேசும் ஐரோப்பியக் குழு பெரும்பாலும் உங்கள் பகுதியை ஒரு எஃப்எம்யூவாக, அதாவது எஃப்எம்ஐ தரத்தில் கட்டிய மாடலாக, கேட்கும். அது ஒரு ஜிப் கோப்பு: உள்ளே மாறிகளை விவரிக்கும் எக்ஸ்எம்எல், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தொகுத்த நூலகம், தேவையான மற்றக் கோப்புகள்.

அதிர்வுக்காரர்கள் செய்யும் முதல் தப்பு, மூல அலையை அப்படியே எஃப்எம்யூவுக்குள் தள்ளுவது. 25.6 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் வினாடிக்கு 25,600 மதிப்புகள். எஃப்எம்ஐ இரண்டாம் பதிப்பில் அணிகள் (அர்ரே) கிடையாது, தனி மதிப்புகள்தான். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு படி ஓடவிட்டால் மொத்த சிமுலேஷனும் நொண்டும். ஆர்எம்எஸ் (அதிர்வின் சராசரி வலு), குர்டோசிஸ் (அலையின் கூர்முனைத் தன்மை), என்வலப் (அலையின் வெளிக்கோடு) நிறமாலையில் பேரிங் குறைபாட்டு அதிர்வெண்ணின் வீச்சு, இவற்றை வெளியே கணக்கிட்டு வினாடிக்கு ஒரு முறை ஏழெட்டு எண்களாகக் கொடுங்கள். பேரிங் தேய்வைக் கணக்கிடும் சிதைவு மாடல் மட்டும் எஃப்எம்யூவுக்குள் இருக்கட்டும். மூல அலை கட்டாயம் போயே ஆகவேண்டும் என்றால் மூன்றாம் பதிப்பு, அதில் அணியும் பைனரி வகையும் உண்டு. ஆனால் எதிர்ப்பக்கத்துக் கருவி மூன்றாம் பதிப்பை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, உங்கள் கணினியில் ஓடும், அவர்களிடம் ஓடாது என்ற தொல்லை. புதிய உபுண்டுவில் தொகுத்தால் அவர்களுடைய பழைய லினக்ஸில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) பதிப்பு பத்தாமல் ஏறாது, அவர்கள் வைத்திருப்பதில் ஆகப் பழைய பதிப்பில் தொகுங்கள். எக்ஸ்எம்எல்லில் உள்ள மாடல் அடையாளமும் நூலகக் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். திரும்பத் தொகுத்தபோது ஜியுஐடி (எஃப்எம்யூவின் தனி அடையாளக் குறி) மாறி, எக்ஸ்எம்எல்லில் பழையதே கிடந்தால் தொடங்கும்போதே விழும். கோப்புப் பாதைகளை முழுப் பாதையாக நிரலில் எழுதாதீர்கள், ரிசோர்ஸ் கோப்புறையைத் தொடக்க அழைப்பில் வரும் முகவரியிலிருந்து எடுங்கள்.

அனுப்பும் முன் எஃப்எம்பை என்ற பைதான் நூலகத்தில் சரிபார்ப்பு ஓடவிடுங்கள், பிறகு ஓப்பன்மாடலிக்கா என்ற சிமுலேஷன் கருவியில் ஏற்றிப் பாருங்கள். இரண்டிலும் தேறியதை மட்டும் அனுப்புங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

கணக்கர் அண்ணா, இரண்டு இடம் எங்களுக்கு உண்டு. கேரளப் பதிவிலேயே வைத்துக்கொள்கிறோம். வேறு வழியாக இங்கேயே அரசு உதவி கிடைக்குமா?

எல்லைக்கோடு:

இந்தக் கூட்டணிக்கு உள்ளேயே தேட வேண்டாம். ஜெர்மன் பங்காளி கிடைத்தால் இந்திய-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் 2+2 திட்டம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரு ஆய்வு நிறுவனமும் ஒரு தொழில் நிறுவனமும் கட்டாயம். உங்களுக்கு ஐஐடி பாலக்காடு பக்கத்திலேயே இருக்கிறது, இயந்திரவியல் துறையில் அதிர்வு தெரிந்த பேராசிரியர் உண்டா என்று விசாரியுங்கள். தொழில் பங்காளி தன் பங்குக்குக் கைப்பணமும் போட வேண்டும்.

இன்னொன்று என்எல்நெட். நெதர்லாந்து அறக்கட்டளை, திறந்த மூல வேலைக்கு ஐரோப்பிய ஆணையப் பணத்தில் 5,000 முதல் 50,000 யூரோ வரை சின்ன உதவிகள் தந்திருக்கிறது. மைல்கல் முடித்துக் காட்டிய பிறகே பணம், முன்பணம் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் எஃப்எம்யூ தொகுப்புக் கருவியைத் திறந்த உரிமத்தில் விடத் தயார் என்றால் பொருந்தும். இப்போது அழைப்பு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கோபாலபுரம் கணக்கர்:

நான் சொன்ன எச்சரிக்கை இங்கேதான் கடிக்கும். என்எல்நெட் தருவது நன்கொடை வகை. எஃப்சிஆர்ஏ தெரிந்த ஆடிட்டரிடம் அவர்களுடைய ஒப்பந்த வரைவைக் காட்டி எழுத்தில் கருத்து வாங்காமல் வங்கி எண் கொடுக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

சரிங்க. இன்றைக்கு ஃபின்லாந்துக்கு எழுதும் கடிதத்தில் மூன்றைக் கேட்கிறேன்: நாடுவாரி நிதி நிலை, துணை ஒப்பந்தத்துக்கு பிசினஸ் ஃபின்லாந்து ஒப்புக்கொண்ட மின்னஞ்சல், எஃப்எம்ஐ எந்தப் பதிப்பு. முன்னிருப்புப் பட்டியலை இந்த வாரமே தயார் செய்கிறோம்.

வேலந்தாவளம் 32:

நாலாவதாக அவர்களுடைய லினக்ஸ் பதிப்பு எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.