தோல் சோபாவில் மீண்டும் மீண்டும் பூஞ்சணம்

நுவரெலியாவில் இருக்கிறோம். அப்பாவின் தோல் சோபாவில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து வெள்ளைப் பூஞ்சணம் படர்கிறது. துடைத்தாலும் ஒரு கிழமைக்குள் திரும்பிவிடுகிறது. அசல் மாட்டுத்தோல், கபில நிறம், மேலே நிறப்பூச்சு உண்டு. தண்ணீர்த் துளி ஊறாமல் உருண்டு நிற்கிறது. முதுகுப்பக்கமும் தையல் ஓரங்களும்தான் மிக மோசம். கைப்பிடியில் மெல்லிய வெடிப்பும் தெரிகிறது.

சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். வினாகிரியில் தண்ணீர் கலந்து துடைத்து, நிழலில் உலர்த்தி, தோலுக்கான கண்டிஷனர் பூசினோம். பகலில் ஜன்னல்களைத் திறந்தால் பின்னேரம் மூடுபனி உள்ளே வந்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னார்கள். அது பூஞ்சணத்துக்குத் தீனியாகும் என்பதால் தொடவில்லை. அப்பா தினமும் உட்காரும் இடம், தூக்கிப்போட மனமில்லை.

தையலுக்குள் இறங்கிய பூஞ்சணத்தை, தோல் மேலும் வெடிக்காமல் நீக்குவது எப்படி?