ஈயச் சொம்பும் நித்யாவின் சின்ன பர்னரும்

குழு: நம்ம குடும்பம்

நித்யா: (படம்) அத்தை, ஈயச் சொம்பு அடி உருகி ஒழுகிடுச்சு. பாட்டி கல்யாணத்துக்குக் குடுத்தது. புளி கரைச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. அழுகையா வருது.

செல்வி அத்தை: ஐயோ கண்ணு, கை கால்ல எதுவும் படலையே? முதல்ல அதைச் சொல்லு.

நித்யா: இல்ல அத்தை. உடனே அணைச்சிட்டேன்.

செல்வி அத்தை: சொம்பை வெறுமையா வச்சியா?

நித்யா: ஆமா. எவர்சில்வர் பாத்திரத்தைக் காய வைக்கிற மாதிரியே வச்சிட்டேன்.

குமார் மாமா: ஈயச் சொம்பு வெள்ளீயத்துல (டின்) செஞ்சது, அது 232 டிகிரியிலேயே உருகிடும்மா. உள்ள ரசம் இருந்தா அது கொதிச்சாலும் 100 டிகிரி கிட்டத்தான் நிக்கும், அதனால சொம்பு தாங்கும். வெறுஞ்சொம்புன்னா சூட்டை வாங்கிக்க ஆளே இல்ல.

செல்வி அத்தை: புளித்தண்ணியை ஊத்தி அப்புறம்தான் அடுப்பைப் பத்த வைக்கணும். அதுவும் சின்ன பர்னர், சிம்ல. தீ நாக்கு சொம்போட அடிக்குள்ளேயே அடங்கணும். வெளிய வந்து பக்கவாட்டுல ஏறிச்சுன்னா, ரசம் தொடாத மேல் பக்கம் உருகும். எனக்கு ஒரு தடவை கழுத்துக்குக் கீழ அப்படித்தான் ஓட்டை விழுந்துச்சு. நுரை கூடி வந்ததும் இறக்கிடு. தாளிப்பு தனியா கரண்டியில.

குமார் மாமா: எண்ணெய் சூடு ரொம்ப ஏறும். அதனாலதான் சொம்புக்குள்ளேயே தாளிக்கக் கூடாது.

அண்ணி: நான்ஸ்டிக் தவாவும் இப்படித்தானா மாமா? நான் தோசைக்கு முன்னாடி பெரிய பர்னர்ல ஃபுல்லா வச்சிட்டு மாவு கலக்கப் போயிடுவேன்.

குமார் மாமா: அது உருகாதும்மா. ஆனா 260 டிகிரி தாண்டினா மேல் பூச்சு கெட ஆரம்பிக்கும். ரொம்பக் காஞ்சா வர்ற புகை பறவைங்களுக்கு எமன். உங்க வீட்டுல லவ் பேர்ட்ஸ் சமையலறை ஜன்னல்கிட்டதானே தொங்குது?

அண்ணி: ஐயோ ஆமா. இன்னைக்கே கூண்டை வேற ரூமுக்கு மாத்திடறேன்.

செல்வி அத்தை: தோசைக்கு இரும்புக்கல் எடுத்துக்கோ. அது சூடு தாங்கும். நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால தேய்ச்சுத் தேய்ச்சு பழக்கு. தண்ணி தெளிச்சா முத்து முத்தா ஓடி வத்தணும், அப்ப மாவு ஊத்து. ஊத்தும்போது தீயைக் குறைச்சு, ஊத்தினதும் கூட்டு.

நித்யா: மாமா, ஈயம் பர்னர் மேலயும் விழுந்திருக்கு. பத்த வச்சுப் பார்க்கட்டுமா?

குமார் மாமா: வேண்டாம்! முதல்ல ரெகுலேட்டரை மூடு. நல்லா ஆறட்டும். அப்புறம் மேல் மூடியைக் கழட்டி ஈயத்தைச் சுரண்டு. ஒவ்வொரு ஓட்டையா ஊசியால குத்தி எடு. உள்குழாய்க்குள்ள போயிருந்தா நீ கை வைக்காத, மெக்கானிக்கைக் கூப்பிடு.

நித்யா: சரி மாமா. ஒரு வாரமாவே மஞ்சளாதான் எரியுது. பாத்திரத்து அடியெல்லாம் கரி.

குமார் மாமா: அப்ப முன்னாடியே அடைப்பு இருந்திருக்கு. பொங்கி வழிஞ்ச பாலோ சாதக்கஞ்சியோ காஞ்சு அடைச்சிருக்கும். காத்து சரியாக் கலக்கலைன்னா மஞ்சளா எரியும், கரி பிடிக்கும், காஸும் வீண். நீலமா நின்னு எரியணும்.

செல்வி அத்தை: அம்மா பக்கத்துல இருக்காங்க. "பொண்ணை அழ வேண்டாம்னு சொல்லு, உருகின சொம்பைப் பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லு, பழைய ஈயத்தை எடைக்கு எடுத்துப்பாங்க"ங்கறாங்க. புதுசு வாங்கறதுன்னா தெரிஞ்ச கடையில மட்டும் வாங்கு நித்யா. வெள்ளீயத்துல காரீயம் (லெட்) கலந்திருந்தா விஷம். புளி ஊத்தற பாத்திரம் வேற.

நித்யா: பாட்டிகிட்ட நைட் பேசறேன் அத்தை.

(மறுநாள் காலை)

நித்யா: (வீடியோ) மாமா, உள்குழாய் சுத்தமாத்தான் இருந்துச்சு. மூடியைச் சுரண்டி மாட்டிட்டேன். இப்ப நீலமா எரியுது. இந்த ஓரத்துல மட்டும் மஞ்சள் வருது பாருங்க.

குமார் மாமா: அந்த மூணு ஓட்டையில இன்னும் ஈயம் இருக்கு. அணைச்சு, ஆறவிட்டு, மறுபடி கழட்டு.