கிரேஸ் பீரியடுக்கு "சலுகைக் காலம்" போதுமா? சோலார் மானியம் மூடுறப்போ வர்ற சொற்கள்

வணக்கம் எல்லாருக்கும்,

சோலார் பூட்டப் பழகுற பசங்களுக்குத் தமிழ்ல ஒரு கைநூல் எழுதிட்டிருக்கேன்னு சொன்னேன்ல, அது இப்ப மானியம் பத்தின பாடத்துல வந்து நொண்டிக்கிட்டு நிக்குது. ஒரு சொல்லு வேணும். ரெண்டு வாரமா மண்டைய ஒடச்சிட்டேன், பண்டாரவளைல மழையும் விடுற மாதிரி இல்ல, சரி குழுவுலயே கேட்ருவோம்னு எழுதுறேன்.

விசயம் இதுதான். பிரிட்டன்ல 2002ல ரினிவபிள்ஸ் ஒப்ளிகேஷன்னு ஒரு திட்டம் தொடங்கினாங்க. கரண்ட் விக்கிற கம்பனி, தான் விக்கிறதுல இத்தனை பங்குக்கு புதுப்பிக்கத்தக்க சக்தின்னு சான்றிதழ் காட்டணும், இல்லன்னா அதுக்குப் பதிலா காசு கட்டணும், அந்தச் சான்றிதழ் கெடைக்கிறது உற்பத்தி பண்றவங்களுக்குத்தான், அப்ப சோலார் போட்டவனுக்கு கரண்ட் வித்த காசு ஒரு பக்கம், சான்றிதழ் வித்த காசு இன்னொரு பக்கம். அப்புறம் செலவு ஏறுதுன்னு மூட ஆரம்பிச்சாங்க. 5 மெகாவோட்டுக்கு மேல உள்ள சோலாருக்கு 2015 மார்ச் 31ஓட சரி. 5 மெகாவோட்டும் அதுக்குக் கீழ உள்ளதுக்கும் 2016 மார்ச் 31.

ஆனா மூடுற நேரத்துல பாதி வேலைல நிக்கிறவன் இருப்பான்ல? அவனுக்குன்னு ஒரு வழி வச்சாங்க. 2015 ஜூலை 22ம் திகதிதான் "சின்ன சோலாருக்கும் மூடப்போறோம்"னு யோசனைய வெளியிட்டாங்க. அந்த நாளுக்குள்ளயே நிலம், கிரிட் கனெக்ஷன், திட்ட அனுமதி இது சம்பந்தமா காசப் போட்டு காரியத்துல எறங்கியிருந்தேன்னு பேப்பர் காட்டினா 2017 மார்ச் 31 வரைக்கும் உள்ள வரலாம். இன்னொரு வழியும் இருந்திச்சி. எல்லாம் முடிச்சிட்டான், லைன் இழுத்துக் குடுக்க வேண்டியவங்க சொன்ன திகதிக்குக் குடுக்கல, தப்பு இவன் மேல இல்லன்னு அவங்களே கடிதம் குடுத்தா, அதுக்கும் 2017 மார்ச் 31 வரைக்கும் இடம். (வட அயர்லாந்து கணக்கு வேற, அத இதுல இழுக்கல.)

இந்த "கதவு மூடின பொறகும் உனக்கு உள்ள வர உரிமை இருக்கு"ங்கிறதுக்குத் தமிழ்ல என்ன? சலுகைக் காலம்னு போட்டா நம்ம ஆளுங்களுக்கு லீசிங்தான் ஞாபகம் வரும். கொரோனா நேரத்துல தவணை கட்டாம இருக்க விட்டாங்களே, அது. கருணைக் காலம்னு ஒரு அகராதில பாத்தேன், அது தூக்குத் தண்டனைக் கைதி ஜனாதிபதிக்கு மனு போடுற மாதிரி இருக்கு. கால நீடிப்புன்னா சுத்தத் தப்பு. நீடிப்புன்னா எல்லாருக்கும் நீடிக்கும், இங்க புதுசா வர்றவனுக்கு கதவு மூடினது மூடினதுதான்.

ஒங்க கைல ஏதாச்சும் இருந்தா குடுங்க.

---

ஹட்டன் டீச்சர்:

தம்பி, ஏற்கனவே புழக்கத்துல உள்ளத விட்டுட்டு ஏன் புதுசு தேடுறீங்க. "நிலைமாறுகால நீதி"ன்னு பேப்பர்லயும் கூட்டத்துலயும் எத்தனை வருசமா கேக்குறோம். அதே தடத்துல "நிலைமாறுகாலத் தகைமை"ன்னு போடுங்க. தகுதின்னு போடாதீங்க, நம்ம நாட்டு விண்ணப்பப் படிவத்துல எல்லாம் தகைமைதான். பிள்ளைகளுக்கும் அதுதான் பழக்கம்.

அந்த ஜூலை 22ங்கிற திகதிக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க? நான் சொல்றேன், வெட்டுத்திகதி. புலமைப்பரிசில் பரீட்சைல வெட்டுப்புள்ளி தெரியாத தாய் தகப்பன் நம்ம பக்கம் உண்டா?

---

டீச்சர், வெட்டுத்திகதி அருமை, கேள்வி கேக்காம எடுத்துக்கிட்டேன். தகைமையும் சரிதான்.

நிலைமாறுகாலம்தான் இடிக்குது. நீளம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சொல்லக் கேட்டதும் யுத்தத்துல காணாமப் போனவங்க, ஆணைக்குழு, அந்தப் பக்கம்தான் மனசு போகுது, ஒரு சோலார் தகடு பாடத்துல அது பாரமா இருக்கு. இன்னொண்ணு, இங்க நிலை ஒண்ணும் மாறிக்கிட்டு இல்ல. மூடிட்டாங்க. மூடினதுக்கு முந்தி வந்தவன் யாரு, பிந்தி வந்தவன் யாரு, அவ்வளவுதான் கேள்வி.

"கதவடைப்புத் தகைமை"ன்னு ஒண்ணு எழுதிப் பாத்தேன். வீட்ல வாசிச்சிக் காட்டினா, "என்னங்க, ஸ்ட்ரைக் பண்ணின தோட்டத்த தொரை மூடினதுக்கு சோலார் குடுக்குறாங்களா"ன்னு சிரிக்கிறாங்க. நியாயம்தான்.

---

பதுளைலருந்து, சோலார் பூட்டுற தம்பி:

அண்ணே நான் எப்பவும் வாசிக்கிறதோட சரி, இதுல மட்டும் எழுதலாம்னு வந்தேன், ரெண்டு விசயம் இருக்கு.

ஒண்ணு, "சின்ன சோலார்"னு சும்மா எழுதிட்டுப் போயிடாதீங்க, பசங்க கூரைல பூட்டுற 5 கிலோவோட்னு நெனச்சிருவாங்க. 5 மெகாவோட்னா அதோட ஆயிரம் மடங்கு, தரைல பரப்பினா இருபது இருபத்தஞ்சு ஏக்கர், ஒரு சின்ன தேயிலை மலை அளவு வரும். அங்க வீட்டுக் கூரைக்கு ஃபீட் இன் டரிஃப்னு 2010லருந்து தனித் திட்டம் இருந்திச்சி, அது புதுசா வர்றவங்களுக்கு மூடினது 2019 மார்ச் 31ல. ரெண்டையும் கொழப்பினா பாடமே போச்சி.

ரெண்டாவது, நம்ம நாட்டுக் கதைய இதோட ஒண்ணாக் கட்டாதீங்க. 2016 செப்டம்பர்ல சூரிய பல சங்கிராமயன்னு அரசாங்கத்தோட கூரைச் சோலார் திட்டம் வந்தப்ப, வீட்டுக்குப் போக மிஞ்சின கரண்ட விக்கிற நெட் அக்கவுன்டிங் முறைல மொத ஏழு வருசம் யூனிட்டுக்கு 22 ரூபா, மிச்ச வருசத்துக்கு 15 ரூபா 50 சதம், மொத்தம் 20 வருசம். அப்புறம் புது ஆளுங்களுக்கு விலை மாறினப்ப பழைய ஒப்பந்தக்காரன் பழைய ஒப்பந்தத்துலதான் இருந்தான். அது வேற சங்கதி அண்ணே. அவன் வீட்டுக்குள்ள ஒக்காந்து சோறு திங்கிறவன். நீங்க சொல்றவன் வாசப்படில ஒரு கால வச்சிக்கிட்டு நிக்கிறவன்.

சொல்லுன்னா எனக்கு ஞாபகம் வர்றது 2022 பெற்றோல் கியூதான். ஷெட்ல எண்ணெய் முடியப்போகுதுன்னு தெரிஞ்சதும் வரிசைல நிக்கிறவங்களுக்கு டோக்கன் குடுத்துட்டு, இனி வர்றவங்க வராதீங்கன்னு கயித்தக் கட்டிருவாங்க. டோக்கன் இருந்தா நாளைக்கு வந்தாலும் ஒனக்கு உண்டு, இல்லன்னா நீ அமைச்சருக்குச் சொந்தக்காரனா இருந்தாலும்... சரி அது வேணாம். ஒரு வாடிக்கையாளர் கேஸ்ல மீட்டர் மாத்தித் தர்றதுக்கே நாலு மாசம் இழுத்தடிச்சாங்க, அந்த எரிச்சல்ல எழுதுறேன், மன்னிச்சிக்கங்க.

---

தம்பி நீங்க எழுதாம இருந்தது எங்களுக்குத்தான் நட்டம். வாசப்படி ஒப்புமைய அப்படியே பாடத்துல போடுறேன். உள்ள ஒக்காந்திருக்கிறவனுக்கு "பழவிலைத் தொடர்ச்சி"ன்னு வைப்போமா, பொறவு பேசலாம்.

கியூதான் எனக்கும் பொருந்திப் போகுது. டோக்கனுக்கு முந்தியே நம்ம தோட்டத்துல உள்ள பழக்கம்தானே, அந்தில மடுவத்துக்கு, அதான் கொழுந்து நிறுக்குற கொட்டகைக்கு, கொழுந்த எறக்கி வரிசைல நிக்கிறவங்கள நிறுக்காம தராசத் தூக்கிட்டுப் போனா அன்னைக்கு அங்க என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு யாரும் சலுகைன்னு பேரு வைக்கல. கூடைல பாரம் இருக்கு, நிறு, அவ்வளவுதான்.

அதனால "வரிசைத்தகைமை". வெட்டுத்திகதி அன்னைக்கு நீ வரிசைல நின்னியா, நின்னதுக்கு கைல என்ன இருக்கு, இதுதான் தகைமை. அந்தத் தகைமை உள்ளவனுக்கு மட்டும் குடுக்குற காலத்துக்கு "பின்கெடு". காலக்கெடு எல்லாருக்கும், பின்கெடு வரிசைத்தகைமை உள்ளவனுக்கு. எழுதிப் பாத்தேன்: "5 மெகாவோட்டுக்கு மேற்படாத சோலாருக்குக் காலக்கெடு 2016 மார்ச் 31, பின்கெடு 2017 மார்ச் 31." ரெண்டு திகதியும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறப்போ எது எதுன்னு வெளக்கவே வேணாம் போல இருக்கு.

டீச்சர் அடிக்க வருவாங்கன்னு தெரியும்.

---

ஹட்டன் டீச்சர்:

அடிக்கல. ஆனா பின்கெடுன்னு கேட்டா "பின்னாடி கெட்டுப்போகும்"னுதான் பத்தாம் வகுப்புப் பசங்க சொல்லிச் சிரிப்பாங்க. காலக்கெடுவும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்திருக்கும், பழகிப் போச்சி, சரி போகட்டும். வரிசைத்தகைமைல எனக்கு வேற சந்தேகம். லைன் வராம தாமதமானவன் கதை இருக்கே, அவன் வரிசைல நின்னு, டோக்கனும் வாங்கி, பம்புக்கே வந்துட்டான். பம்பு வேல செய்யல. அவனும் இவனும் ஒண்ணா?

---

நுவரெலியாலருந்து, வயசானவன்:

பிள்ளைகளா, டீச்சர் கேட்டதுக்கு நான் ஒரு பழைய கதை சொல்றேன். 1964 ஒக்டோபர் 30ல இந்திய வம்சாவளி மக்கள ரெண்டு நாடும் பிரிச்சிக்கிறதுக்கு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க, அஞ்சு லட்சத்து இருபத்தையாயிரம் பேரு இந்தியாவுக்கு அங்கிட்டு, மூணு லட்சம் பேரு இங்கிட்டு, மிச்சம் ஒண்ணரை லட்சம் பொறகு பேசிக்கலாம்னு. அந்த மிச்சத்த 74ல ஆளுக்குப் பாதியாப் பிரிச்சாங்க. எங்க பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டு, பாஸ்போர்ட்டும் வந்து, தட்டுமுட்டுச் சாமான், பசுமாடு எல்லாம் வித்துட்டு லயத்துல கட்டின மூட்டையோட ஒக்காந்திருந்தாரு. 84ல தலைமன்னார் கப்பல் நின்னு போச்சி. அவரு செய்ய வேண்டியத எல்லாம் செஞ்சிட்டாரு, கப்பல் ஓட்ட வேண்டியது அவரு வேல இல்லையே. அப்புறம் 2003ல வந்த சட்டம், 1964 ஒக்டோபர் 30லருந்து இங்க இருக்கிறவங்களும் அவங்க வாரிசும்னு ஒரு திகதியப் புடிச்சித்தான் பிரஜாவுரிமை குடுத்திச்சி. டீச்சர் சொன்ன வெட்டுத்திகதி நமக்குப் புதுசில்லம்மா.

அந்தப் பிரிட்டன் சட்டத்துல ரெண்டையும் பிரிச்சி வச்சிருக்கான்ல, "காசு போட்டவன்" ஒண்ணு, "லைன் வராதவன்" ஒண்ணு. நீங்களும் பிரிச்சே வைங்க. ஒரே சொல்லுல அடைச்சீங்கன்னா ரெண்டாவது ஆளு கேக்க வேண்டிய கேள்விய கேக்கவே மாட்டான். அவன் கேக்க வேண்டியது "என்மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடு"ங்கிறத.

---

ஐயா, இதுக்கு மேல நான் என்ன எழுதுறது. பிரிச்சிட்டேன்.

இப்போதைக்கு கைநூல்ல போறது இப்படி. பெரிய சொல்லு வரிசைத்தகைமை. அதுக்குள்ள முதல் வகை "முதலீட்டு வரிசைத்தகைமை", வெட்டுத்திகதிக்குள்ள எறங்கினதுக்கு ஆதாரம் காட்டுறவனுக்கு. ரெண்டாவது வகைக்கு "தாமத வரிசைத்தகைமை"ன்னு எழுதினேன், அழிச்சேன், ஏன்னா தாமதிச்சது அவன்தான்னு ஆகிடுது. "பிறர்தாமத வரிசைத்தகைமை"ன்னு மாத்தினேன். வாய்ல நுழைய மாட்டேங்குது, ஒத்துக்கிறேன், ஆனா அந்த "பிறர்" இல்லாம சொல்லுல பாதி போயிடும். இதுக்கு நல்லதா சுருக்கமா யாருக்காச்சும் தோணினா ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அனுப்புங்க, திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. பதுளைத் தம்பி, அந்த மீட்டர் கேஸ்ல எப்ப விண்ணப்பிச்சீங்க எப்ப வந்து பூட்டினாங்கன்னு திகதி மட்டும் பேரு ஊரு இல்லாம அனுப்பினீங்கன்னா பாடத்துக் கடைசில பயிற்சிக் கணக்கா வச்சிருவேன்.